சிவப்பு முக்கோணமும் இரண்டு பாம்பும்

கமலாதேவியின் வீட்டுப் படலைக்கு முன்னால் காரை நிறுத்தி, கண்ணாடியில் தலைமயிரைச் சரிபார்த்துக்கொண்ட பிறகும் சிவப்பு முக்கோணம் அணையவில்லை.

முக்கோணத்துக்குள் ஓர் ஆச்சரியக்குறி இருந்தது. பிரதாபன் தமிழ் ஆசிரியர். ஆச்சரியக்குறி அவருக்குப் பிடிக்காது. மாணவர்களின் கட்டுரையில் கண்டால் சிவப்புப் பேனையால் வெட்டிவிடுவார். இது ஏற்கெனவே சிவப்பாக இருந்தது. பக்கத்தில் மஞ்சள் நிறத்தில் ஒரு சின்னக் காரின் படம். அதன் வாலில் நெளிந்து நெளிந்து இரண்டு கோடுகள்.

படலையைத் திறந்த கமலாதேவி குனிந்து காருக்குள் பார்த்தார்.

"இண்டைக்கும் எரியுது போல."

"அது சும்மா. பழைய கார்தானே."

"போன ஞாயிறும் பழைய கார்தான்." கமலாதேவி காரைநகரில் கணிதம் படிப்பிப்பவர். தாயைப் பார்த்துக்கொண்டதில் கலியாணம் தள்ளிப்போய், தாயும் போய், நாற்பத்திரண்டு வயதாகிவிட்டது. "வேற இடங்களுக்குப் போகேக்கையும் எரியுமோ?"

பிரதாபனுக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை. "இல்லை."

"இஞ்ச வரேக்கை மட்டும்?"

"ஓம்."

"திரும்பிப் போகேக்கை?"

"எரியிறேல்லை."

கணக்கொன்றின் விடையைக் கண்டுவிட்டவர்போலக் கமலாதேவி தலையை ஆட்டினார். "அப்ப காருக்கு ஒரு பிழையும் இல்லை. அது தன்ர அபிப்பிராயத்தைச் சொல்லுது."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தபோது அந்தச் சிரிப்பு முகத்தில் இல்லை.

அந்தக் கார் நிலாந்தினிக்காக வாங்கியது. பாதி பெற்றோலிலும் பாதி பற்றரியிலும் ஓடுகிற ஹைபிரிட் கார். ஜப்பானில் யார் யாரோ ஓடிக் களைத்தபிறகு நாரந்தனைக்கு, பிரதாபனின் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. நிலாந்தினிக்குச் சத்தமே ஆகாமல் போயிருந்த காலம் அது. பற்றரியில் போகும்போது கார் மூச்சுக்கூட விடாது. பிரதாபன் கிழமை தவறாமல் மனைவியை அதில் யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் கொண்டுவந்தார். பிறகு ஒருநாள் கொண்டுபோனார், தனியே வந்தார். அது நடந்து ஆறு வருடம். அவ்வளவு காலத்திலும் அந்தக் காரில் ஒரு பொட்டு வெளிச்சம் தேவையில்லாமல் எரிந்ததில்லை.

இதை அவருக்கு முன்பே கவனித்தவர் அக்கா சறோஜினிதேவி. நிலாந்தினி போனபிறகு தம்பிக்குச் சமைத்துப் போட வந்து, அப்படியே தங்கிவிட்டவர்.

"தம்பி, அவவுக்குப் பிடிக்கேல்லை."

"ஆருக்கு?"

"ஆருக்கெண்டு என்னைச் சொல்ல வைக்காதை."

"அக்கா, கமலாவை எனக்குக் கலியாணம் பேசினதே நீங்கள்தானே?"

"பேசினனான்தான். அப்ப லைற் எரியேல்லை."

இடையில் ஒரு ஞாயிறு லைற் எரியவில்லை. காற்றே இல்லாமல் புழுங்கிய நாள் அது. பிரதாபன் அதை அக்காவிடம் வெற்றியோடு சொன்னார். "இந்தப் புழுக்கத்துக்கை ஆர்தான் வெளிக்கிட்டு வருவினம்?" என்றார் அக்கா.

யாழ்ப்பாணத்தில் ஹைபிரிட் கார் பார்க்கிற கராஜ் ஒன்றில் லெட்சுமணன் என்று ஒருவன் இருந்தான். பண்டாரவளைப் பக்கத்துப் பிள்ளை. கொழும்பில் தொழில் பழகி, யாழ்ப்பாணத்துக்கு வந்து நான்கு மாதம்தான். வருகிறவர் தமிழ் வாத்தியார் என்று அவனுக்கு முதலே சொல்லியிருந்தார்கள்.

"ரோட்ல ஓடும்போது எரியுதா சார்?"

"றோட்டிலை இல்லை. பாதையில."

லெட்சுமணன் ஒரு கணம் அவரைப் பார்த்தான். திருத்தத்தை மரியாதையோடு ஏற்றுக்கொண்டான். அதற்குப் பிறகு அவன் வாயில் ரோடு என்ற சொல் வரவே இல்லை.

"சரி சார், பாதையில. நல்ல பாதையா?"

"என்னத்தைச் சொல்ல. பழசு. அடிக்கடி பழுதாய்ப் போகும். பழுதெண்டால் யாழ்ப்பாணம் வந்து, சுத்தித்தான் காரைநகர் போகவேணும். ஒண்டரை மணித்தியாலம். பாதையால எண்டால் பத்து நிமிசம்."

"சுத்திப் போனா எரியுதா?"

"ஒருக்காச் சுத்திப் போனனான். எரியேல்லை."

"அப்போ பாதையிலதான் சார் பிரச்சினை." லெட்சுமணன் ஒரு கருவியைக் காரில் பொருத்தினான். காரோ பழைய கதை எதையும் நினைவு வைத்திருக்கவில்லை. "இந்தக் காரும் நெளிகோடும் இருக்கே, சறுக்குதுன்னு அர்த்தம். உள்ளுக்குள்ள ஒரு சென்சர் இருக்கு. ஸ்டார்ட் பண்ற நேரம் கார் ஆடாம அசையாம நிக்கணும். அப்பதான் அதுக்குக் கணக்குச் சரியா வரும். அந்த நேரம் கார் ஆடினா குழம்பிடும். குழம்பினா லைட்டெல்லாம் போட்டுடும்."

பிரதாபனுக்கு மனம் நொந்துவிட்டது. "அசையாமல்தான் தம்பி நிக்குது. ஹான்ட் பிறேக் போட்டிருக்கும். சில்லுக்குக் கட்டையும் வைச்சிருக்கும்."

"கட்டையா?"

"ஓம். முன்னுக்கும் பின்னுக்கும்."

காரை இவ்வளவு கவனமாக வைத்திருக்கிற ஒருவரை லெட்சுமணன் கொழும்பில்கூடக் கண்டதில்லை. காரணம் அதுவல்ல என்று முடிவு செய்து, சின்னப் பற்றரியைக் கழற்றிப் புதிது பூட்டினான்.

அதோடு காருக்குள் இத்தனை வருடமும் உறங்கிக் கிடந்த ஏதோ ஒன்று விழித்துக்கொண்டது.

மறுநாள் காலை அக்காவைக் கோயிலுக்குக் கூட்டிப்போகக் காரை ஸ்ராட் பண்ணியதும் உள்ளே ஒரு பெண் பேசினார். மென்மையான, ஆனால் விட்டுக்கொடுக்காத குரல். ஜப்பான் மொழி.

அக்கா கதவைப் பிடித்துக்கொண்டார். "ஆரடா அது?"

"கார்."

"கார் ஏன் பொம்பிளைக் குரலிலை கதைக்குது?"

பிரதாபன் லெட்சுமணனுக்குப் போன் எடுத்தார். பற்றரி கழற்றினால் சில கார்கள் அப்படிச் செய்யும் என்றான் அவன். ஜப்பானில் பெருந்தெருவுக்குப் போக ஏதோ ஒரு கார்டு போட வேண்டுமாம். அந்தக் கார்டு இல்லை, இல்லை என்று அது சொல்கிறதாம்.

அக்காவுக்கு இந்த விளக்கம் போதவில்லை. "கார்டோ, என்னவோ. விளங்காத பாஷையிலை, திருப்பித் திருப்பி, ஒரே வசனம். நிலாந்தினியும் கடைசிக் கிழமை கட்டிலிலை கிடந்து இப்பிடித்தானே கதைச்சவ."

அது உண்மை. அந்த வசனம் என்னவென்று பிரதாபன் இன்றுவரைக்கும் கண்டுபிடிக்கவில்லை.

அடுத்த ஞாயிறு அக்காவும் காரைநகருக்குக் கூடவே வந்தார். எரிவதைத் தன் கண்ணால் பார்க்கவேண்டுமாம். பாதை முடியப்போகிற நேரம் முக்கோணமும் மஞ்சள் படமும் ஒன்றாக எரிந்தன. அக்கா முன்னுக்கு எட்டிப் பார்த்தார்.

"ஐயோ, ரெண்டு பாம்பு!"

"அது பாம்பில்லை அக்கா. சில்லுத் தடம்."

"தடம் நேராயெல்லோ கிடக்கும்? நெளியிறது பாம்பு. இது நாகதோசம். நயினாதீவு அம்மனிட்டைப் போகாமல் இதுக்கு ஒரு வழியும் இல்லை."

போனார்கள். குறிகட்டுவான் இறங்குதுறையில் காரை விட்டுவிட்டு வள்ளம் ஏறவேண்டும். தோசமுள்ள காரைக் கரையில் விட்டுவிட்டு நாங்கள் மட்டும் போய் என்ன பிரயோசனம் என்று அக்கா கேட்டார். அதுவும் நியாயமாகத்தான் இருந்தது. ஆகவே காருக்குப் பதிலாகக் காரின் திறப்பு வெற்றிலை, தேங்காய், பாற்செம்போடு ஒரே தட்டில் அம்மனிடம் போனது.

வள்ளம் ஒரு அலைக்கு ஏறி இறங்கியபோது பாற்செம்பு சரிந்தது. திறப்பு பாலில் குளித்தது. அம்மனே அபிசேகம் கேட்டு வாங்கிவிட்டார் என்று அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது.

அது பூட்டில் செருகித் திருகுகிற சாதாரணத் திறப்பு அல்ல. உள்ளே மின்சாரம் இருக்கிற திறப்பு. பூசை முடிந்து குறிகட்டுவானுக்குத் திரும்பி வந்து ஸ்ராட் பொத்தானை அமத்தினால் கார் அசைந்தும் கொடுக்கவில்லை. இரண்டு பேரும் பஸ்சில் வீட்டுக்கு வந்தார்கள். திறப்பை அரிசிப் பானைக்குள் புதைத்து வைத்து, மறுநாள் எடுத்துக்கொண்டு போய்த்தான் காரைக் கொண்டுவர முடிந்தது. அன்றிலிருந்து திறப்பைப் பொத்தானோடு ஒட்டிப் பிடித்தால்தான் கார் ஸ்ராட் ஆகும். கொஞ்சம் பால் மணமும் வரும். அக்கா அம்மன் குங்குமத்தைக் குழைத்து, முக்கோணம் எரிகிற இடத்தில் கண்ணாடிக்கு மேல் ஒரு பெரிய பொட்டாக வைத்துவிட்டிருந்தார். இப்போது எரியாத நேரத்திலும் எரிவதுபோலவே இருந்தது.

ஞாயிறு வந்தது. பொட்டுக்குப் பின்னால் முக்கோணமும் வந்தது.

கமலாதேவி அன்றைக்குக் காருக்குள் எட்டிப் பார்க்கவில்லை. தேத்தண்ணியை வைத்துவிட்டு எதிரே கதிரையில் உட்கார்ந்தார்.

"எனக்கு வவுனியாவுக்கு இடமாற்றம் தரலாம் எண்டு சொல்லியிருக்கினம். போறதோ இல்லையோ எண்டு எட்டு நாளிலை, அடுத்த திங்கள் சொல்லவேணும்."

"வவுனியாவோ?"

"இஞ்ச இருக்கிறதுக்கு ஒரு காரணம் இருந்தால் போகமாட்டன்." அவர் தேத்தண்ணிப் பேணியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "உங்கட அக்கா நினைக்கிறது எனக்குத் தெரியும். ஊரிலை கதைக்கிறதும் தெரியும். அதைப் பற்றி எனக்குக் கவலையில்லை. நீங்களும் அப்பிடித்தான் நினைக்கிறியளோ?"

"எப்பிடி?"

"அவ வேண்டாமெண்டு சொல்லுறா எண்டு."

'இல்லை' என்பது இரண்டு எழுத்தும் ஓர் ஒற்றும். ஆயிரம் பிள்ளைகளுக்கு அதைப் பதம் பிரித்துக் காட்டியவர் பிரதாபன். அன்றைக்கு அது அவருடைய வாயில் வர நேரமெடுத்தது. வந்தபோது கமலாதேவி எழும்பிக் குசினிக்குப் போயிருந்தார்.

படலையில் வைத்து அவர் சொன்னார்: "அடுத்த ஞாயிறு வாங்கோ. லைற் எரிஞ்சால் எரியட்டும். எனக்கு மறுமொழிதான் வேணும்."

செவ்வாய்க்கிழமை பிரதாபன் மறுபடியும் கராஜில் நின்றார்.

"பாதையில என்ன வேகத்துல போவீங்க சார்?"

"என்ர கையில என்ன இருக்கு? அது போற வேகம்தான்."

"அவ்வளவு நெரிசலா?"

"ஞாயிறெண்டால் சனம் கூட. மோட்டார்சைக்கிள், சைக்கிள், சிலவேளை ஆடும் நிக்கும்."

"குலுக்கம் இருக்கா?"

பிரதாபன் யோசித்தார். சொல்லைச் சரியாகச் சொல்லவேண்டும் என்பது அவருடைய தொழில். "குலுக்கம் எண்டு சொல்ல ஏலாது. ஆட்டம். மாரிக்குக் கொஞ்சம் கூட ஆடும்."

"மழைக்குப் பாதையெல்லாம் அப்படித்தான் சார் போயிடும்," என்று லெட்சுமணன் அனுதாபப்பட்டான். ஆட்டத்தைத் தாங்குகிற நான்கு தண்டுகளையும் மாற்றிப் புதிது போட்டான். அவை காருக்குச் சரியான அளவில்லை. ஆனால் அப்போதைக்கு யாழ்ப்பாணத்தில் கிடைத்தவை அவைதான். முன்பு மூச்சுக்கூட விடாத கார், இப்போது ஒவ்வொரு பள்ளத்திலும் நீளமாக ஒருமுறை முனகியது.

"முனகுறா," என்றார் அக்கா, பின் சீற்றில் இருந்தபடி. "வருத்தக்காரியை அலைக்கழிக்காதை தம்பி. விட்டிடு."

பிரதாபன் சனிக்கிழமை லெட்சுமணனுக்குப் போன் எடுத்தார். கோபப்படவில்லை. கோபப்படுகிற கட்டம் தாண்டியிருந்தது. "தம்பி, நாளைக்கு எனக்கு ஒரு முக்கியமான பயணம். எரியாமல் இருக்க வேணும்."

"நானே வர்றேன் சார்," என்றான் லெட்சுமணன். "அந்தப் பாதையை நான் ஒருதரம் பார்க்காம இது சரிவராது."

ஞாயிறு காலையிலிருந்தே மழை. லெட்சுமணன் தன் கருவியைப் பொலித்தீன் பையில் சுற்றிக்கொண்டு முதல் பஸ்சில் வந்து இறங்கினான். கார்க் கண்ணாடிகள் எல்லாம் ஆவிப் புகார் பிடித்து வெள்ளையாக இருந்தன. பிரதாபன் முன்னால் ஒரு கையகலத்துக்கு மட்டும் துடைத்துக்கொண்டு ஓட்டினார். லெட்சுமணன் பக்கத்துச் சீற்றில் குனிந்து, கருவியின் வயரை ஸ்ரியறிங்குக்குக் கீழே செருகிப் பிடித்துக்கொண்டிருந்தான். அக்கா பின்னால், மடியில் கண்ணூறு கழிக்க ஒரு தேசிக்காயோடு.

பிரதாபன் ஒரு முடிவோடு வெளிக்கிட்டிருந்தார். அதை யாருக்கும் சொல்லவில்லை. இன்றைக்கு எரியாவிட்டால் கமலாதேவியிடம் கலியாணத்துக்கு 'ஓம்' என்று சொல்வது. எரிந்தால் படலையில் இறங்காமல் அப்படியே திரும்பி வந்துவிடுவது. படித்த மனிதன் ஒருவன் இப்படி ஒரு முடிவை எடுக்கலாமா என்று தன்னையே கேட்டார். ஆறு வருடம் தனியே படுத்தெழும்பியவன் எடுக்கலாம் என்று பதில் வந்தது.

கார் மெல்ல ஊர்ந்து, இரும்பில் ஏறியதுபோல ஒரு சத்தத்தோடு நின்றது.

"ஏன் சார் நின்னுட்டோம்? செக் பொயின்ட்டா?"

"இல்லை. பாதைக்கு வந்திட்டம். காரை நிப்பாட்டச் சொல்லுவினம்."

"யாரு?"

"பாதைக்காரர்."

பாதை வேலை நடக்கிறதாக்கும் என்று நினைத்துக்கொண்டு லெட்சுமணன் தலையை நிமிர்த்தாமலே வயரைச் சரிசெய்தான். வெளியே மழைக்குள் யாரோ குனிந்து சில்லுகளுக்குக் கட்டை வைக்கிற சத்தம் கேட்டது. அது ஜெகதீஸ். பாதையில் வேலை செய்கிறவர். பிரதாபனின் காருக்கு ஞாயிறுதோறும் கட்டை வைப்பது அவர்தான்.

கட்டை வைத்து முடிந்து கொஞ்ச நேரம் போனது.

"சார், தலை சுத்துது."

"காலமை சாப்பிட்டனீரோ?"

"இல்ல சார்."

"அதுதான்."

இன்னும் கொஞ்ச நேரம் போனது. பிரதாபன் வழமைபோலக் கொலரை இழுத்துவிட்டார். கண்ணாடியில் தலைமயிரைப் பார்த்தார். நரைத்த ஒரு மயிரைக் காதுக்குப் பின்னால் ஒளித்தார். பிறகு பால் மணக்கிற திறப்பைப் பொத்தானோடு ஒட்டிப் பிடித்து, கண்ணை மூடிக்கொண்டு, அமத்தினார்.

ஜப்பான்காரி பேசினார். குங்குமப் பொட்டுக்குப் பின்னால் சிவப்பு முக்கோணம். பக்கத்தில் இரண்டு பாம்பு.

"வந்திட்டா!" என்று அக்கா அலறினார். தேசிக்காய் முன்னால் பறந்து வந்து லெட்சுமணனின் பிடரியில் பட்டது.

லெட்சுமணன் அதைக் கவனிக்கவில்லை. கருவியையே முறைத்துக்கொண்டிருந்தான். "சார், கார் ஆடுது!"

"ஆடேல்லை. கட்டை வைச்சிருக்கு."

"கட்டை இருக்கு, பிறேக்கும் இருக்கு, சில்லு சுத்தல. ஆனா ஆடுது சார்! இங்க பாருங்க, இந்தப் பக்கம், அந்தப் பக்கம், இந்தப் பக்கம்."

பிரதாபன் பார்க்கவில்லை. நெற்றியை ஸ்ரியறிங்கில் வைத்துவிட்டார். "போதும் தம்பி. கழட்டும். அவ சொல்லவேண்டியதைச் சொல்லிப்போட்டா. நான் திரும்பப் போறன்."

கண்ணாடியில் யாரோ தட்டினார்கள். பிரதாபன் தலையைத் தூக்காமலே கண்ணாடியை இறக்கினார். மழையும் உப்புக்காற்றும் ஒன்றாக உள்ளே வந்தன. பொலித்தீன் தொப்பிக்குள் ஜெகதீஸின் முகம். அந்த முகத்துக்குப் பின்னால், காரை ஏற்றியிருந்த இரும்பு மிதவையின் நான்கு பக்கமும், லெட்சுமணன் அன்றைக்கு முதல்தரம் நிமிர்ந்து பார்த்த கடல்.

"மாஸ்ரர், பாதை இன்னும் நடுக்கடலிலை மிதந்து ஆடிக்கொண்டெல்லோ நிக்குது! திரும்பி வரேக்கை கரையில கட்டினாப் பிறகும் நாங்கள் தட்டித்தான் உங்களை எழுப்புறம், அங்கால போகேக்கை மட்டும் ஒவ்வொரு ஞாயிறும் கரை தட்ட முன்னமே காரை ஸ்ராட் பண்ணிப்போட்டு இருக்கிறியள். அவ்வளவு அவசரமெண்டால் கமலா ரீச்சரை ஒரேயடியாய்க் கூட்டிக்கொண்டு வாங்கோவன்!"